காதால் கேட்டு அழுத்தம் வைக்கலாமா?

காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களில் பெரிய வீடுகள் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். கல்யாணம், படைப்பு, கோவில் திருவிழா என்று ஏதாவது வந்தால் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வந்து கதவைத் திறப்பார்கள். முகப்பைக் கழுவிக் கோலம் போடுவார்கள். அப்படியே கொட்டகையில் நிற்கும் பழைய காரின் மேல் போர்த்திய துணியையும் எடுப்பார்கள்.

அங்கேதான் பிரச்சனை ஆரம்பம்! பேட்டரியை மாற்றிச் சாவியைத் திருப்பினால் வண்டி இரண்டு முறை இருமும். பிறகு பிடிக்கும். ஐடிலிங்கில் ஆடும். ரோட்டில் ஏற்றினால் மூன்றாவது கியரில் இழுக்காது. உடனே ஒரு மெக்கானிக்குக்கு ஆள் போகும். அவர் பானெட்டைத் திறந்து, ஆக்ஸிலரேட்டரை நாலு தடவை கொடுத்துப் பார்த்து, காதைச் சாய்த்துக் கேட்டு, "பெட்ரோல் பத்தலண்ணே" என்பார். கையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். கண்ணில் படுகிற ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்புவார். சத்தம் கொஞ்சம் மாறும். "இப்ப பாருங்க" என்பார்.

கார்புரேட்டர் வண்டி என்றால் இதில் பெரிய தப்பு இல்லை. அம்பாசடரும் பத்மினியும் இப்படிக் காதாலேயே ட்யூன் செய்யப்பட்டு லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன. அந்தக் காதுகள் லேசுப்பட்டவை அல்ல. ஆனால் கொட்டகையில் நிற்பது பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால்? அங்கே காது போதாது. கேஜ் மாட்டி அழுத்தத்தை அளக்காமல் எந்த ஸ்க்ரூவையும் தொடக்கூடாது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இது ஒன்றுதான். கேட்க மிகச் சின்ன விஷயம். ஆனால் இதைச் செய்யாததால் நல்ல வண்டிகள் பழைய இரும்புக்குப் போகின்றன. சில நேரம் தீப்பிடிக்கும் ஆபத்தும் வருகிறது.

எது "பழைய இன்ஜெக்‌ஷன் வண்டி"?

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967இல் டி-ஜெட்ரானிக் என்ற எலக்ட்ரானிக் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனைக் கொண்டு வந்தது. ஃபோக்ஸ்வாகன் 1600இல் அது முதலில் வந்தது. 1973இல் கே-ஜெட்ரானிக், எல்-ஜெட்ரானிக் என்று இரண்டு வகைகள் வந்தன. 1976இல் அறிமுகமான மெர்சிடிஸ் டபிள்யூ123 வரிசையில் 280இ என்ற மாடலில் இருந்தது கே-ஜெட்ரானிக். அந்தக் காலத்தில் இவையெல்லாம் இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்தால்தான் உண்டு.

தமிழ்நாட்டுக்குச் சொந்தமான கதை 1998இல் தொடங்குகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்தது, எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினோடு. 2000 வாக்கில் மாருதி 800க்கும் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் கார்புரேட்டர் கார்கள் விடைபெற்றன. அந்த முதல் சான்ட்ரோக்களுக்கு இப்போது 25 வயதுக்கு மேல் ஆகிவிட்டது. டி.என். 63 என்று ஆரம்பிக்கும் பழைய நம்பர் பிளேட்டுகளோடு சிவகங்கை மாவட்டத்தில் ஓடும் அந்தக் காலத்துச் சின்னக் கார்களும் இன்று பழசுதான். ஆகவே இது மெர்சிடிஸ் வைத்திருப்பவர்களின் பிரச்சனை மட்டும் அல்ல.

அழுத்தம் ஏன் அவ்வளவு முக்கியம்?

கார்புரேட்டர் என்பது ஒரு சின்னத் தொட்டி. பம்ப் அதை நிரப்பினால் போதும். 3 அல்லது 4 பி.எஸ்.ஐ. அழுத்தம் தாராளம். இன்ஜின் தனக்கு வேண்டிய பெட்ரோலைக் காற்றின் வேகத்தால் தானே உறிஞ்சிக்கொள்ளும்.

எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வேறு மாதிரி. இன்ஜெக்டர் என்பது ஒரு குட்டிக் குழாய். கம்ப்யூட்டர் அதைச் சில மில்லி விநாடிகள் திறந்து மூடும். எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைத்தான் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. எவ்வளவு பெட்ரோல் வெளியே வந்தது என்று அது அளப்பதே இல்லை! பின்னால் இருக்கும் அழுத்தம் சரியாக இருக்கும் என்று நம்பிக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான்.

டி-ஜெட்ரானிக்கில் அந்த அழுத்தம் சுமார் 2 பார், அதாவது கிட்டத்தட்ட 29 பி.எஸ்.ஐ. கார் டயரில் பிடிக்கும் காற்றளவு. எல்-ஜெட்ரானிக்கிலும் அதன் வழி வந்தவற்றிலும் பொதுவாக 2.5 அல்லது 3 பார். வீட்டுக் குக்கர் விசில் அடிப்பது சுமார் 1 பாரில் என்பதை நினைத்துப் பார்த்தால் 3 பார் என்பது என்னவென்று புரியும். கே-ஜெட்ரானிக்கில் இன்னும் அதிகம், மாடலைப் பொறுத்து 5 பார் அளவில் இருக்கும்.

இந்த அழுத்தம் குறைந்தால் என்ன ஆகும்? இன்ஜெக்டர் வழியாகப் போகும் பெட்ரோலின் அளவு, அழுத்தத்தின் வர்க்க மூலத்தைப் பொறுத்தது. பிளஸ் டூ இயற்பியல்தான். 3 பார் இருக்க வேண்டிய இடத்தில் 2.5 பார் இருந்தால் பெட்ரோல் சுமார் 9% குறையும். 2 பாருக்கு இறங்கினால் சுமார் 18% குறையும். 9% குறைவு காதுக்குக் கேட்காது. ஆனால் இன்ஜினுக்குக் கேட்கும். மெலிந்த கலவையில் நீண்ட தூரம் ஓட்டினால் சூடு ஏறும், பிக்கப் போகும், முற்றினால் வால்வும் பிஸ்டனும் பாதிக்கப்படும். மதுரைக்கோ திருச்சிக்கோ மே மாத வெயிலில் ஏ.சி. போட்டு ஓட்டும்போது அந்த 9% தன் வேலையைக் காட்டும்.

காது எங்கே ஏமாறுகிறது?

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்ற பழமொழி பெட்ரோல் இன்ஜெக்‌ஷனுக்காகவே சொன்னது போல இருக்கிறது.

வண்டி இழுக்கவில்லை என்ற ஒரே குறைக்கு எத்தனை காரணங்கள்! ஃபில்டர் அடைத்திருக்கலாம். பம்ப் தேய்ந்திருக்கலாம். பம்ப் நல்லதாகவே இருந்து, ஒயரில் பச்சை பூத்து அதற்கு 12 வோல்ட்டுக்குப் பதில் 9 வோல்ட் போகலாம். ரெகுலேட்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். டாங்கின் அடியில் துரு சேர்ந்து சல்லடை மூடியிருக்கலாம். அல்லது அழுத்தம் கச்சிதமாக இருந்து, கோளாறு ஏர் ஃப்ளோ மீட்டரிலோ, இக்னிஷனிலோ, கிழிந்த வேக்கம் டியூபிலோ இருக்கலாம்.

இவை அத்தனையும் காதுக்கு ஒரே மாதிரிதான் கேட்கும். "பெட்ரோல் பத்தல". சரி, ஏன் பத்தவில்லை? அதைக் கேட்காமல் ஸ்க்ரூவைத் திருப்புவது, காய்ச்சல் என்றதும் காரணம் பார்க்காமல் ஊசி போடுவது மாதிரி. இரண்டு நாள் நன்றாக இருக்கும். மூன்றாவது நாள் பழைய குறையோடு புதுக்குறையும் சேர்ந்து வரும். பிறகு "பம்ப் போயிருச்சு" என்று புதுப் பம்ப். அதுவும் சரிவராமல் போனால் இன்ஜெக்டர். கடைசியில் கம்ப்யூட்டர். உண்மையான குற்றவாளி ஒரு சின்ன ஃபில்டராக இருந்திருக்கலாம்.

டீசல்காரர்கள் செய்வது என்ன?

இதில் வேடிக்கை என்னவென்றால், அளந்து வேலை பார்க்கும் பழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிது இல்லை. பாஷ் குழுமத்தின் இந்திய நிறுவனமான மைக்கோ 1951இல் தொடங்கியது. அதன் டீசல் பம்ப்புகள் லாரியிலும் பஸ்ஸிலும் டிராக்டரிலும் ஊரெல்லாம் பரவின. கூடவே "பம்ப் சர்வீஸ்" கடைகளும் பரவின. அங்கே டீசல் பம்ப்பைக் கழற்றி மேடையில் ஏற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் எத்தனை மில்லி டீசல் விழுகிறது என்று கண்ணாடிக் குழாயில் பிடித்து அளப்பார்கள். நாசிலை டெஸ்டரில் மாட்டி, கைப்பிடியை அழுத்தி, எந்த அழுத்தத்தில் பீய்ச்சுகிறது என்று கேஜைப் பார்ப்பார்கள். 200 பார் அளவில் நடக்கும் வேலை அது.

எந்த லாரி டிரைவராவது "நாசிலைக் காதால் கேட்டு செட் பண்ணுங்க" என்று சொல்வாரா? சொல்லமாட்டார். டீசல் பம்ப் என்றால் மேடைக்குப் போக வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதே ஊரில், அதே தெருவில், பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு மட்டும் காதும் ஸ்க்ரூ டிரைவரும் போதும் என்று ஆனது எப்படி? பெட்ரோல் வண்டி என்றால் கார்புரேட்டர் என்ற பழைய நினைப்பு போகவில்லை. காரணம் அவ்வளவுதான். திறமைக் குறைவு அல்ல.

ஐந்தொகை போடுவது போல...

செட்டிநாட்டில் கணக்கு என்றால் விளையாட்டு இல்லை. பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடத்திய நகரத்தார், வரவையும் பற்றையும் எழுதி, ஐந்தொகை போட்டு, இரண்டு பக்கமும் நேராகிறதா என்று பார்த்த பிறகுதான் பேரேட்டை மூடினார்கள். "ஏறக்குறைய சரியாத்தான் இருக்கும்" என்ற பேச்சே கிடையாது.

பெட்ரோல் அழுத்தமும் அதே மாதிரி ஒரு கணக்கு. பம்ப் கொடுப்பது வரவு. இன்ஜெக்டர் எடுப்பது பற்று. மிஞ்சியது ரிட்டர்ன் லைன் வழியாக டாங்குக்குத் திரும்புகிறது, அது மீதி. ரெகுலேட்டர்தான் நடுவில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை. கணக்கு இடிக்கிறது என்றால் யார் பக்கம் தப்பு என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் கணக்குப்பிள்ளையின் காதைத் திருகக் கூடாது!

வரிசை இதுதான்.

முதலில் பாதுகாப்பு. இன்ஜெக்‌ஷன் லைனில் வண்டி நின்ற பிறகும் அழுத்தம் தங்கியிருக்கும். அப்படியே ஹோஸைக் கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். சூடான சைலன்சர் மேல் பட்டால் தீ. ஆகவே பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, வண்டி தானாக அணையும் வரை ஓடவிட வேண்டும். பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஹோஸைக் கழற்றும்போது சுற்றித் துணி வைக்க வேண்டும். வேலை திறந்த வெளியில், தீயணைக்கும் சிலிண்டர் பக்கத்தில். பீடி, சிகரெட் வாசலுக்கு வெளியே. கே-ஜெட்ரானிக்கில் இந்த ஃபியூஸ் வித்தையை மட்டும் நம்பக் கூடாது. அங்கே அக்குமுலேட்டரே அழுத்தத்தைச் சேமித்து வைத்திருக்கும். நட்டை மெதுவாகத்தான் தளர்த்த வேண்டும்.

இரண்டாவது, கேஜ் மாட்டி வண்டியை ஸ்டார்ட் செய்து பார்ப்பது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. எல்-ஜெட்ரானிக் வகை ரெகுலேட்டரில் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு வேக்கம் டியூப் வந்து சேரும். ஐடிலிங்கில் அது அழுத்தத்தைச் சுமார் அரை பார் இறக்கிவிடும். 3 பார் வண்டியில் 2.5 காட்டும். அதைப் பார்த்து "குறைச்சலா இருக்கு" என்று ரெகுலேட்டரை மாற்றியவர்கள் உண்டு. அந்த டியூபைக் கழற்றி நுனியை விரலால் மூடினால் ஊசி 3க்கு ஏற வேண்டும். ஏறினால் ரெகுலேட்டர் உயிரோடு இருக்கிறது. கழற்றிய டியூபுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. இந்த ஒரு சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும்.

மூன்றாவது, அழுத்தம் நிஜமாகவே குறைவு என்றால் ரிட்டர்ன் ரப்பர் ஹோஸை ஒரு கணம் மட்டும் இறுக்கிப் பிடித்துப் பார்ப்பது. ஊசி விறுவிறுவென ஏறினால் பம்ப்புக்குத் தெம்பு இருக்கிறது. சந்தேகம் ரெகுலேட்டர் பக்கம். ஏறாவிட்டால் பம்ப், ஃபில்டர், வோல்டேஜ் பக்கம். அதற்கு மேல் பிடிக்கக் கூடாது. நல்ல பம்ப் தேவைக்கு இரண்டு மடங்கு அழுத்தம்கூடக் கொடுக்கும். பழைய ஹோஸ் வெடிக்கும். ரெகுலேட்டர் டாங்குக்குள்ளேயே இருக்கும் பிற்கால வண்டிகளில் ரிட்டர்ன் லைனே இருக்காது என்பதால் இந்தச் சோதனை அங்கே செல்லாது.

நான்காவது, அளவு. அழுத்தம் சரியாக இருந்தும் அளவு பத்தாமல் போகலாம். ரிட்டர்ன் பெட்ரோலை ஒரு அளவு ஜாடியில் பிடித்து, அரை நிமிடத்தில் எவ்வளவு வருகிறது என்று மேனுவலோடு ஒப்பிட வேண்டும். குறைந்தால் முதலில் ஃபில்டரை மாற்றி, பம்ப்பின் முனையில் மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜ் பார்த்து, அதற்குப் பிறகுதான் பம்ப் மேல் பழி போட வேண்டும்.

ஐந்தாவது, வண்டியை அணைத்த பிறகு அழுத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது. மத்தியானம் ஓட்டிவந்து நிறுத்தி, கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் வண்டி பிடிக்காமல் அடம் பிடிக்கும் அல்லவா? லைனில் அழுத்தம் வடிந்து, வெயில் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி நிற்கிறது என்று அர்த்தம். பம்ப்பின் செக் வால்வோ, ஒழுகும் இன்ஜெக்டரோ, ரெகுலேட்டரோ, கே-ஜெட்ரானிக்கில் அக்குமுலேட்டரோ காரணமாக இருக்கலாம். ஊசி மெல்ல இறங்கினால் பரவாயில்லை. அணைத்ததும் பூஜ்யத்துக்கு விழுந்தால் தேட வேண்டும்.

அழுத்தம் அதிகமாக இருந்தால்? பெரும்பாலும் ரிட்டர்ன் லைனில் அடைப்பு. பல மாதம் நின்ற வண்டியில் இது சகஜம். கரும்புகையும் மைலேஜ் குறைவும் இதன் அடையாளங்கள்.

செட்டிங் எங்கே வருகிறது?

இவ்வளவும் முடிந்த பிறகுதான். அதுவும் எல்லா வண்டியிலும் இல்லை!

டி-ஜெட்ரானிக் ரெகுலேட்டரில் லாக் நட்டும் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவும் இருக்கும். கேஜைப் பார்த்துக்கொண்டே மெல்லத் திருப்பி, அந்த மாடலுக்குச் சொன்ன 2 பார் அளவில் நிறுத்தி, நட்டை இறுக்கி, மறுபடியும் கேஜைப் பார்க்க வேண்டும். இறுக்கும்போதே கொஞ்சம் நகர்ந்துவிடும்.

எல்-ஜெட்ரானிக்கிலும் எம்.பி.எஃப்.ஐ.யிலும் ரெகுலேட்டர் மூடி முத்திரையிட்ட டப்பா. செட் செய்ய எதுவும் இல்லை. கெட்டுப்போனால் மாற்ற வேண்டியதுதான். அதைச் சுத்தியலால் தட்டி உள்ளே நெளித்து அழுத்தத்தை ஏற்றுவது ஒரு "டெக்னிக்" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். ஃபில்டர் அடைப்பை மறைக்க அது உதவும். நாளை யாராவது ஃபில்டரை மாற்றினால் வண்டி பெட்ரோலில் மூழ்கும்.

கே-ஜெட்ரானிக் தனி உலகம். அதில் சிஸ்டம் பிரஷர், கண்ட்ரோல் பிரஷர் என்று இரண்டு கணக்கு. கேஜை ஃப்யூவல் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் வார்ம்-அப் ரெகுலேட்டருக்கும் நடுவில், வால்வோடு சேர்த்து மாட்ட வேண்டும். வால்வை மூடினால் சிஸ்டம் பிரஷர், திறந்தால் கண்ட்ரோல் பிரஷர். சிஸ்டம் பிரஷரை ஏற்ற இறக்க, உள்ளே இருக்கும் மெல்லிய ஷிம்களை மாற்ற வேண்டும். இன்னொரு விசித்திரம்: மற்றதில் அழுத்தம் கூடினால் பெட்ரோல் கூடும், இங்கே கண்ட்ரோல் பிரஷர் கூடினால் பெட்ரோல் குறையும். இது தெரியாமல் கை வைத்தால் நோய்க்கு எதிர் மருந்து கொடுத்ததாகிவிடும். அதோடு, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டிய கண்ட்ரோல் பிரஷர், வெளி வெப்பநிலைக்கு ஏற்ப மாறும். மேனுவலில் 20 டிகிரிக்கு எழுதியதைக் காரைக்குடியின் 36 டிகிரி மத்தியானத்தில் எதிர்பார்க்கக் கூடாது. வரைபடத்தில் 36க்கு நேரே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கே-ஜெட்ரானிக்கில் 3 மி.மீ. ஆலன் சாவி போகும் ஓட்டை ஒன்று உண்டு. எல்லாரும் முதலில் திருப்புவது அதைத்தான். அது அழுத்தத்துக்கு உரியதே அல்ல, கலவைக்கு உரியது. அழுத்தம் தப்பாக இருக்கும்போது அதைத் திருப்பிவிட்டால் இரண்டு தப்பு சேர்ந்து ஒரு சரி போலத் தெரியும். பிறகு அதைப் பிரித்தெடுப்பது மகா கஷ்டம்.

எத்தனால் தரும் புதுத் தலைவலி

2025இல் பெட்ரோலில் 20% எத்தனால் கலக்கும் இலக்கு எட்டப்பட்டதாக அரசு அறிவித்தது. பழைய இன்ஜெக்‌ஷன் வண்டிகள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. 1 கிலோ சுத்த பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று தேவை. இ20க்குச் சுமார் 13.5 கிலோ போதும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும். சென்சார் இல்லாத பழைய வண்டி தானாகவே 8% அளவுக்கு மெலிந்த கலவையில் ஓடும்.

அப்படியானால் அழுத்தத்தை ஏற்றிவிடலாமே என்று தோன்றும். கணக்குப்படி 2 பாரைச் சுமார் 2.4 ஆக்கினால் ஈடாகும். ஆனால் அதே எத்தனால்தான் அந்தக் காலத்து ரப்பர் ஹோஸையும் டயஃப்ரத்தையும் ஊதவைத்து வெடிக்க வைக்கிறது. ஊறிப்போன ஹோஸில் அழுத்தத்தை ஏற்றுவது விவேகம் இல்லை. முதலில் ஹோஸ், கிளாம்ப், சீல் எல்லாம் எத்தனால் தாங்கும் இன்ஜெக்‌ஷன் தரத்துக்கு மாற வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்கான சாதா ஹோஸ் 3 பாருக்கு ஆகவே ஆகாது. பிறகு புகையை அனலைசரில் அளந்து, தேவை என்றால் மட்டும் யோசிக்கலாம்.

பூட்டிய வீட்டில் நிற்கும் வண்டிக்கு இன்னொரு ஆபத்து. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். அங்கே துரு, அங்கிருந்து சல்லடை, அங்கிருந்து பம்ப். உலோகம் அரிப்பதை ஆராய்வதில் பேர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருப்பதே காரைக்குடியில்தான். அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் தர, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்டது. துருவைப் பற்றி உலகத்துக்குப் பாடம் சொல்லும் ஊரில், துருப்பிடித்த டாங்கோடு பம்ப்பை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது பொருத்தமாக இல்லை.

"அதெல்லாம் நடக்கிற காரியமா?"

இதற்கு மூன்று ஆட்சேபங்கள் வரும்.

ஒன்று, கேஜுக்கு யார் செலவழிப்பது? அடாப்டர்களோடு வரும் ஒரு சாதாரண கேஜ் செட், கார் டயர் ஒன்றின் விலைகூட வராது. தேவையில்லாமல் மாற்றும் ஒரே ஒரு பம்ப் அதைவிட அதிகம்.

இரண்டு, அளந்து பார்க்கும் நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. இது நியாயமான குறை. மெக்கானிக் மேல் மட்டும் பழி போடுவது அநியாயம். பாகம் மாற்றினால் ஆயிரக்கணக்கில் தருபவர்கள், "ஒரு மணி நேரம் அளந்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது" என்றால் முகம் சுளிக்கிறார்கள். ரத்தப் பரிசோதனைக்குத் தனியாகக் காசு கொடுப்பது போல இதற்கும் கொடுக்கப் பழக வேண்டும்.

மூன்று, இன்ஜெக்‌ஷனைத் தூக்கிவிட்டுக் கார்புரேட்டர் மாட்டிவிட்டால் தொல்லை தீர்ந்ததே! இதுதான் வருத்தமான யோசனை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் தூணும் கதவும் தனித்தனியாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கழற்றியது திரும்ப வராது. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்து, அசல் நிலையிலேயே பராமரிக்கப்பட்ட வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. டி-ஜெட்ரானிக் வண்டிகளில் பல அந்த வயதைக் கடந்துவிட்டன. டபிள்யூ123 வரிசையின் முதல் 280இகள் இப்போதுதான் அதைத் தொடுகின்றன. இந்த நேரத்தில் அசல் இன்ஜெக்‌ஷனைக் கழற்றி எறிவது கிணற்றை வெட்டிவிட்டு, தண்ணீர் வரும் நேரத்தில் மூடுவது போல!

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். பழைய இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு வேலை பார்த்த பில்லில் நாலு எண்கள் இருக்கட்டும். ஐடிலிங்கில் அழுத்தம் எவ்வளவு, வேக்கம் டியூபைக் கழற்றினால் எவ்வளவு, அணைத்து 10 நிமிடம் கழித்து எவ்வளவு, பம்ப் முனையில் எத்தனை வோல்ட். வண்டிக்காரர் அதைக் கேட்டு வாங்கட்டும். கேட்பவர் இருந்தால் அளப்பவர் வருவார். அடுத்த மெக்கானிக்குக்கும் அது ஒரு பேரேடு.

காரைக்குடியில் ஐ.டி.ஐ. இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது, 1952இல் தொடங்கிய பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. பெர்னூலி சமன்பாட்டைப் பரீட்சைக்காக எழுதும் மாணவர்கள், ஒரு பழைய சான்ட்ரோவில் கேஜ் மாட்டி, வேக்கம் டியூபைக் கழற்றினால் ஊசி அரை பார் ஏறுவதை ஒருமுறை கண்ணால் பார்த்தால் அந்தப் பாடம் வாழ்நாளுக்கும் மறக்காது. அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டு அவர் காதையும் இவர்கள் கேஜையும் ஒரே வண்டியில் வைத்துப் பார்க்கலாம். காது எங்கே ஜெயிக்கிறது, எங்கே தோற்கிறது என்று இரண்டு பக்கமும் கற்றுக்கொள்ளும்.

காதை விட்டுவிடச் சொல்லவில்லை. எந்த வண்டிக்கு கேஜ் தேவை என்று முதலில் சொல்வது அந்தக் காதுதான். ஆனால் ஸ்க்ரூவைத் தொடும் முன் ஊசி என்ன சொல்கிறது என்று ஒரு நிமிடம் பார்க்கட்டும். அந்த ஒரு நிமிடம் ஒரு பம்ப்பின் விலையை மிச்சப்படுத்தும். ஹோஸ் பழசு என்றால் ஒரு உயிரையும்கூட.